பெயரில்லாத மலை ஓடைகளில் காட்டு ட்ரவுட்: எங்கே தொடங்குவது?

கூழாங்கல்:
எல்லாருக்கும் வணக்கம். பெரிய ஆறுகள்லயும் ஏரிகள்லயும் ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் வச்சுக் கட்டின போலிப் பூச்சி, அதாவது ஃப்ளையால மீன் பிடிக்கிறது) ஓரளவு பழகியாச்சு. இப்போ மனசு முழுக்க மேல்மலை ஓடைகள்தான். எட்டி வச்சா தாண்டிடலாம்ங்கிற அகலம், முழங்கால் ஆழம், ரெண்டு கரையிலும் புதர், பண்ணையில வளர்த்த மீனை யாரும் கொண்டுவந்து விடாத தண்ணி. அங்கே தலைமுறை தலைமுறையா தானாவே முட்டையிட்டுப் பெருகுற ட்ரவுட்டை, அந்தக் குளிர்நீர் மீனைத் தேடிப் போகணும்.

வரைபடத்துல ஏகப்பட்ட நீலக் கோடு ஓடுது. எதுல மீன் இருக்கும், எதுல இருக்காதுன்னு போறதுக்கு முன்னாடியே எப்படிக் கணிக்கிறது? என்ன கோல், என்ன ஃப்ளை? இன்னொண்ணும் உறுத்துது. ஒரு சாண் நீளமே இருக்கிற மீனை அவ்வளவு சின்ன ஓடையில போய்த் தூண்டில் போடுறது சரிதானா? அனுபவமுள்ளவங்க விரிவா எழுதினா நல்லா இருக்கும்.

மலைவழி:
கூழாங்கல், பாதி வேலை வரைபடத்தின் மேலேயே முடிந்துவிடும். அதிலிருந்து தொடங்குகிறேன்.

சம உயரக் கோடுகள் உள்ள வரைபடம் வேண்டும். நீலக் கோட்டை அந்தக் கோடுகள் எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று எண்ணுங்கள். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடை மூன்று கோடுகளைத் தாண்டினால் 60 மீட்டர் இறங்குகிறது, அதாவது 6 சதவீதச் சரிவு. ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதச் சரிவுள்ள மலை ஓடைகள் பெரும்பாலும் படிப்படியாக அமைந்திருக்கும். குறுக்கே ஒரு பாறை வரிசை, அதன் அடியில் ஒரு மடு, கொஞ்சம் ஓட்டம், மறுபடி பாறை. நாம் தேடுவது இந்த அமைப்பைத்தான். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 15, 20 சதவீதம் என்று காட்டினால் தண்ணீர் நிற்காமல் பாறை மேல் வழுக்கிக்கொண்டே போகும், மீன் தங்க இடம் குறைவு. அப்படிப்பட்ட செங்குத்துக்கு மேலே திடீரென்று கோடுகள் விலகி ஒரு சிறு சமதளம் தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழிருந்து ஏறுபவர்கள் பெரும்பாலும் செங்குத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அடுத்து, ஓடைக்கு எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா ஓடையும் அழகாகத்தான் ஓடும். வறண்ட மாதங்களின் கடைசியிலும் தண்ணீர் ஓடுகிறதா என்பதே முக்கியம். செயற்கைக்கோள் படங்களில் பழைய தேதிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க முடியும். கோடை முடிவில் எடுத்த படத்தில் ஓடையோரம் மட்டும் அடர்பச்சையாக ஒரு பட்டை ஓடினால் அடியில் ஊற்று இருக்க வாய்ப்புண்டு.

உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே ஆறு சூடேறிக் கிடக்கும்போதும் மேலே இருக்கும் கிளை ஓடை ட்ரவுட்டுக்கு ஏற்ற குளிரோடு இருப்பது இதனால்தான். சூரியன் நேராக விழாத சரிவில் இறங்கும் ஓடை இன்னும் நல்லது.

பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். பாலத்தடி மடுவில் எல்லாரும் தூண்டில் போட்டிருப்பார்கள். அரை மணி நேரம் மேலே நடந்த பிறகுதான் ஓடையின் உண்மையான முகம் தெரியும்.

கிளம்புவதற்கு முன் அந்த இடத்தின் மீன்பிடி விதிகளைப் பாருங்கள். எந்த மாதங்களில் அனுமதி, எந்தக் கிளை ஓடைகள் மூடப்பட்டுள்ளன, நுனியில் பின்னோக்கிய சிறு முள் இல்லாத கொக்கி கட்டாயமா, கரை யாருடைய நிலம். சிற்றோடைகளுக்கு மட்டும் தனி விதி வைத்திருக்கும் பகுதிகள் நிறைய உண்டு.

என் தனிப்பட்ட பரிந்துரை: முதல் முறை கோல் இல்லாமல் போங்கள். நடந்து பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

பாறைமுகடு:
மலைவழி அண்ணன் சொன்ன கடைசி வரியைத் தவிர எல்லாத்தையும் ஏத்துக்கிறேன். கோலை எடுத்துட்டே போங்க. ஓடையில மீன் இருக்கான்னு கண்ணை விட வேகமா ஃப்ளை சொல்லிடும். நல்ல மடுவுல மிதக்குற ஃப்ளையை ரெண்டு மூணு தடவை சுத்தமா ஓட்டியும் அசைவே இல்லையா, மேல போங்க. இப்படி வரிசையா பல மடுக்கள்லயும் ஒண்ணுமே எழும்பலன்னா அடுத்த நீலக் கோட்டுக்குப் போயிடலாம்.

தும்பி:
கோல் எடுத்துப் போறதா வேண்டாமாங்கிறதை விட, ஒரு வெப்பமானி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்வேன். நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள விடுற சின்ன வெப்பமானி போதும்.

ட்ரவுட் சுறுசுறுப்பா இரை எடுக்கிறது ஏறத்தாழ 10லிருந்து 16 டிகிரி செல்சியஸ் வரைக்கும். 20 டிகிரிக்குப் பக்கத்துல போச்சுன்னா அதுக்கு மூச்சுத் திணறல்தான். கடல்மட்ட அழுத்தத்துல 10 டிகிரித் தண்ணி ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைச்சு வச்சுக்கும். 20 டிகிரின்னா 9.1தான். தண்ணி சூடாக ஆக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், ஆனா கிடைக்கிறது குறையும். காலையில அளந்தா எந்த ஓடையும் குளிர்ச்சியாத்தான் காட்டும். கோடையில பிற்பகல் மூணு நாலு மணிக்கு அளந்து பாருங்க. அந்த நேரத்துலயும் 17, 18க்குக் கீழே நிக்கிற ஓடைன்னா அதுல வருஷம் முழுக்க ட்ரவுட் வாழ முடியும்.

ரெண்டு ஓடை சேர்ற இடத்துல ரெண்டையும் தனித்தனியா அளந்து பாருங்க. சில நேரம் பக்கத்துல ஒதுங்கிக் கிடக்கிற சின்னக் கால்வாய்தான் பெரிய ஓடையை விட மூணு டிகிரி குளிர்ந்து இருக்கும். அது ஊற்றுத் தண்ணி. அந்தக் கிளையைப் பிடிச்சு மேலே போங்க.

அடுத்தது, கல்லைப் புரட்டுங்க. தட்டையான, உள்ளங்கை அளவு கல்லை ஓட்டத்துல இருந்து எடுத்து அடிப்பக்கம் பாருங்க. மெல்லிய வால்கள் மூணும் வயிற்றோரம் இறகு மாதிரி துடிக்கிற செவுள்களும் இருந்தா பெரும்பாலும் அது மேஃப்ளை பூச்சியோட நிம்ஃப், அதாவது தண்ணிக்குள்ள வாழுற இளம்பருவம் (ரெண்டு வால் மட்டும் உள்ள வகைகளும் உண்டு). ரெண்டே வால், தடித்த உடம்பு, ஒவ்வொரு கால் நுனியிலும் ரெண்டு நகம்னா ஸ்டோன்ஃப்ளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டி ஒளிஞ்சிருக்கிறது கேடிஸ் புழு. இதுல ஸ்டோன்ஃப்ளை ரொம்ப நுணுக்கமானது. அசுத்தமான, ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணியில அது தாக்குப்பிடிக்காது. கல்லுக்கு அடியில அது நிறைய இருந்தா, மீனை இன்னும் பார்க்கலைன்னாலும் நான் அந்த ஓடையை விட மாட்டேன். பார்த்து முடிச்சதும் கல்லை எடுத்த பக்கமே திருப்பி வச்சிடுங்க.

இளம்நாணல்:
தும்பி அக்கா, ஓடை எந்தப் பாறை மேல் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மீனின் அளவு மாறும் என்கிறார்களே, உண்மையா?

தும்பி:
உண்மைதான் தம்பி. சுண்ணாம்புப் பாறை வழியா வர்ற தண்ணியில கரைஞ்ச தாதுக்கள் அதிகம், அதனால பூச்சியும் அதிகம், மீனும் நல்லா வளரும். கருங்கல் மலையில இறங்குற தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ஆனா சத்துக் குறைவு. அங்கே 15 சென்டிமீட்டர் இருக்கிற மீன்கூட முழுசா வளர்ந்து முட்டையிடுற மீனா இருக்கலாம். குஞ்சுன்னு நினைச்சுடாதீங்க. அப்படிப்பட்ட ஓடைகள்ல வளர்ந்த மீனோட விலாவுலயும், குஞ்சுப் பருவத்துல இருக்கிற விரல் ரேகை மாதிரியான கருநிறப் பட்டைகள் மறையாம இருக்கும். அதைப் பார்க்கிறதுக்கே மலை ஏறலாம்.

நீர்க்காகம்:
கோல் பற்றி நான் சொல்கிறேன். ஆறரை முதல் ஏழரை அடி நீளம், 3 எண் லைன் (வீசுவதற்கான தடித்த நூல்), ஏழரை அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்), நுனியில் 5எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் கடைசித் துண்டு). 5எக்ஸ் என்றால் விட்டம் 0.15 மில்லிமீட்டர். புதர் மிகுந்த இடங்களில் சற்றுத் தடித்த 4எக்ஸ் கட்டினாலும் தவறில்லை. வேகமான ஓட்டத்தில் மீன் நூலைப் பார்த்து ஆராய்ந்துகொண்டிருக்க நேரமிருக்காது. ரீல் பற்றிக் கவலை வேண்டாம், இங்கே அது லைனைச் சுற்றி வைக்கும் இடம், அவ்வளவே. கோல் மட்டும் மென்மையாக வளைய வேண்டும். கோல் நுனிக்கு வெளியே பத்து அடி லைன் மட்டும் நீண்டிருக்கும்போதும் வளையும் கோலாகப் பார்த்து வாங்குங்கள். தொலைவுக்கு வீசுவதற்கென்று செய்த விறைப்பான கோல்கள் இந்த வேலைக்கு ஆகாது.

பாறைமுகடு:
இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. சிற்றோடைக்குன்னே பிறந்தது டென்காரா. ஜப்பான் மலைகள்ல யமாமே, இவானா மீன்களைப் பிடிச்சுப் பிழைப்பு நடத்தினவங்க உருவாக்கின முறை. ரீல் கிடையாது, கோல் நுனியில நேரா நூல் கட்டு, நூல் முனையில ஒரே ஒரு ஃப்ளை. மூணரை மீட்டர் கோலை நீட்டினா குறுக்கே இருக்கிற வேக ஓட்டத்தையெல்லாம் தாண்டி, எதிர்ப்பக்கத்துச் சின்ன அமைதியான இடத்துல ஃப்ளையை மட்டும் வைக்கலாம். நூல் தண்ணியைத் தொடவே வேண்டாம். குட்டைக் கோலால அது நடக்காது.

நீர்க்காகம்:
திறந்த ஓடையில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தலைக்கு மேல் கிளைகள் கூரை போட்ட ஓடையில் மூன்றரை மீட்டர் கோலைத் தூக்கவே முடியாது. அங்கே குட்டைக் கோலும் வில்வீச்சும்தான் கைகொடுக்கும். ஃப்ளையின் கொக்கி வளைவை இரண்டு விரலால் பிடித்துப் பின்னால் இழுத்து, கோல் நுனியை வில்லாக வளைத்து, குறி பார்த்து விடுவது. கொக்கி முனை விரலைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இதைப் புல்தரையில் பழகிவிட்டுப் போங்கள். இதோடு லைனைப் பின்னால் வீசாமல் தண்ணீர் மேலேயே உருட்டி அனுப்பும் ரோல் வீச்சும் தெரிந்தால் பெரும்பாலான ஓடைகளுக்குப் போதும்.

ஆனால் கூழாங்கல் கேட்காத ஒன்றுதான் இதில் பெரியது. எப்படி நெருங்குவது? சிற்றோடையில் மீன் கிடைக்கவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் ஃப்ளையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மீனோ அவர்கள் வருவதைப் பார்த்து எப்போதோ பாறைக்கடியில் போயிருக்கும்.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து, தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலே போக வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, அதன் பார்வை நீரில் எப்படி வளைகிறது என்பது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரிக் கூம்புக்குள், வட்டமான ஒரு சாளரமாகச் சுருங்கித் தெரிகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் விட்டம் 70 சென்டிமீட்டர்கூட இராது. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு அடித்தரையையே திருப்பிக் காட்டும். கரையில் தாழ்ந்திருப்பவை சாளரத்தின் விளிம்பில் நசுங்கி, மங்கித் தெரியும். நிமிர்ந்து நிற்பவை உள்ளே நன்றாகத் தெரியும். எனவே மடுவை நெருங்கும்போது குனியுங்கள், கடைசி சில அடிகள் முழங்காலிட்டே போங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் பாறையோ புதரோ இருக்கட்டும். பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

நிழலையும் கவனியுங்கள். காலை மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்பே மடுவைத் தொட்டுவிடும். அதே போல் அதிர்வு. மீனின் விலாக்கோடு நீரின் சிறு அசைவையும் உணரும். கரையில் தடதடவென்று நடப்பதும், ஓடைக்குள் கல்லை உருட்டுவதும் மேல் மடு வரைக்கும் செய்தி அனுப்பும். முடிந்தவரை கரையிலேயே இருங்கள்.

மீன் எங்கே நிற்கும்? குறைந்த உழைப்பில் நிறைய இரை வந்து சேரும் இடத்தில். வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் கோடு, பாறைக்குப் பின்னாலிருக்கும் அமைதி, பாறைக்கு முன்னால் தண்ணீர் முட்டி மெத்தை போல் நிற்கும் சிறு இடம், குடைந்த கரைக்கு அடி, அருவி விழும் நுரைக்குப் பக்கவாட்டு. நுரை மிதந்து போகும் பாதையைப் பாருங்கள். பூச்சியும் அதே பாதையில்தான் போகும்.

ஃப்ளையைப் போட்டபின் அது இயல்பாக மிதக்க வேண்டும். லைன் வேக ஓட்டத்தில் விழுந்தால் அது ஃப்ளையை இழுத்துக் கோடு கிழிக்கும். மீன் அதை நம்பாது. கோலை உயர்த்திப் பிடித்து, லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கி, லீடர் மட்டும் தொடும்படி வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் அருமையான மிதப்புக் கிடைக்கும். இரண்டு விநாடி நல்ல மிதப்புப் போதும். சிற்றோடை மீன் அதற்குள் முடிவெடுத்துவிடும்.

கூழாங்கல்:
நீர்க்காகம் சார், இதை அச்செடுத்து வச்சுக்கிறேன். ஃப்ளை வகை என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

நீர்க்காகம்:
சின்னப் பெட்டி ஒன்று. 14, 16 அளவுக் கொக்கியில் கட்டிய ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் (இரண்டும் மிதப்பவை), ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (மூழ்குவது). இம்மூன்றுமே காலத்தால் தேறியவை. ஆடம்ஸை 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டினார். எல்க் ஹேர் கேடிஸ் 1957இல் ஆல் ட்ராத் கட்டியது. ஃபெசன்ட் டெயில் இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அது வெறும் இறகும் செப்புக் கம்பியும்தான், ஆனால் மூழ்கும்போது அசல் மேஃப்ளை நிம்ஃபேதான். வெள்ளை இறக்கை வைத்த, நன்றாக மிதக்கும் ஃப்ளை ஒன்றிரண்டும் இருக்கட்டும். நிழலடர்ந்த ஓடையில் உங்கள் கண்ணுக்கே அது தேவைப்படும்.

தும்பி:
எறும்பு, வண்டு மாதிரி கட்டின ஃப்ளைகளை விட்டுட்டீங்களே! மேல்மலை ஓடையில மீன் சாப்பிடுறதுல பெரும்பங்கு தண்ணியில பிறந்ததே இல்லை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவுல ஹொரோனாய்னு ஒரு காட்டு ஓடை. அதுல ஷிகேரு நகானோவும் மசாஷி முராகாமியும் செய்த ஆய்வு 2001ல வெளிவந்தது. அங்கே மீன்கள் ஒரு வருஷத்துல எடுத்துக்கிற ஆற்றல்ல 44 சதவீதம் கரைக் காட்டிலிருந்து தண்ணியில விழுற பூச்சிகள்கிட்ட இருந்து வருது. கோடையில தண்ணிப் பூச்சிகள் இறக்கை முளைச்சுப் பறந்து போயிடும். அப்போ இலையிலிருந்து தவறி விழுற எறும்பும் வண்டும் வெட்டுக்கிளியும்தான் அதுங்களுக்குப் படியளக்குது. கோடை நடுப்பகல்ல கிளை தொங்குற நிழலுக்குக் கீழே ஒரு கறுப்பு எறும்பு ஃப்ளையைச் சத்தமில்லாம வச்சுப் பாருங்க.

இதனாலதான் ஓடைக்கரை மரத்தை வெட்டினா மீன் ரெண்டு வழியிலயும் அடிபடுது. நிழலும் போகுது, இரையும் போகுது.

இளம்நாணல்:
நீங்கள் எல்லாரும் எந்தெந்த ஓடைகளுக்குப் போகிறீர்கள் என்று பெயர்களைப் போட்டால் புதியவர்களுக்கு உதவியாக இருக்குமே?

மலைவழி:
மன்னிக்கவும் தம்பி, நான் போட மாட்டேன். பெரிய ஆறு பத்து பேர் புதிதாக வந்தாலும் தாங்கும். ஒரு மடுவுக்கு வளர்ந்த மீன் இரண்டு மூன்று இருக்கும் ஓடை தாங்காது. ஒரே கோடையில் கரைகள் மிதிபட்டு, நல்ல மீன்கள் தீர்ந்து போகும். தேடும் வழியைத்தான் மேலே முழுவதுமாகச் சொல்லியிருக்கிறேனே. வரைபடம் எல்லாருக்கும் பொது. நடந்து கண்டுபிடித்தவர் அந்த ஓடையைக் காப்பாற்றவும் செய்வார் என்பது என் நம்பிக்கை.

பாறைமுகடு:
அண்ணே, இதுல உங்க கவலை புரியுது. ஆனா யாருக்குமே தெரியாத ஓடைக்காகப் பேசவும் யாரும் இருக்க மாட்டாங்களே. மேலே தடுப்பணை கட்டப் போறாங்கன்னோ, சாலை வெட்டி மண்ணைச் சரிவுல தள்ளுறாங்கன்னோ செய்தி வரும்போது "இதுல மீன் இருக்கு, இத்தனை வருஷமா முட்டையிட்டுப் பெருகுது"ன்னு சாட்சி சொல்ல ஆள் வேணும். அந்த மண்ணு கூழாங்கல் இடுக்கையெல்லாம் அடைச்சா முட்டைக்கு ஆக்சிஜன் போகாது, மொத்தத் தலைமுறையே போயிடும். நான் பொதுவெளியில பெயர் போடச் சொல்லலை. மீன்வளத் துறைக்கும் ஆறுகளைப் பாதுகாக்கிற குழுக்களுக்கும் எழுதிக் கொடுங்க. எந்த ஓடை, எந்த மாதம், என்ன இனம், எத்தனை டிகிரி. அந்தப் பதிவு என்னைக்காவது ஓடையைக் காப்பாத்தும்.

மலைவழி:
துறைக்கு எழுதிக் கொடுப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். பொதுவெளியில் படம் போடும்போதுகூடப் பின்னணியில் அடையாளமான மலையுச்சியோ பாலமோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

தும்பி:
கூழாங்கல் கேட்ட "சரிதானா"ங்கிற கேள்வி அப்படியே நிக்குது, அதுக்கு வர்றேன்.

முதல்ல, காட்டு மீன்னாலே அந்த மண்ணோட மீன்னு அர்த்தமில்லை. பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவோடது. 1864ல இங்கிலாந்திலிருந்து கப்பல்ல பனிக்கட்டி வச்சு முட்டைகளை டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனாங்க. அங்கிருந்து 1867ல நியூசிலாந்துக்குப் போச்சு. 1883ல ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போச்சு. ரெயின்போ பசிபிக் கரையோரத்து மீன், இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கு. போன இடங்கள்ல இதுங்க தானாவே பெருகி அழகா வாழுது, ஆனா அங்கே முன்னாடியே இருந்த மீன்களை நெருக்கித் தள்ளியும் இருக்கு. நியூசிலாந்துல கலாக்சியாஸ்னு சொல்ற சின்ன மீன் இனங்கள் பல இடங்கள்ல ட்ரவுட் ஏற முடியாத அருவிகளுக்கு மேலே மட்டும்தான் மிச்சம். கிழக்கு அமெரிக்காவுல புரூக் ட்ரவுட்தான் சொந்த மீன். மரம் வெட்டினதாலயும் ரெயின்போவைக் கொண்டுவந்து விட்டதாலயும் அது மேல்மலைத் தலையோடைகளுக்கு ஒதுங்கிடுச்சு.

அதனால உங்க கையில வந்தது எதுன்னு பார்க்கக் கத்துக்கோங்க. முதுகுல புழு நெளிஞ்ச மாதிரி வரி, கீழ்த்துடுப்புகள் முன்விளிம்புல பால்வெள்ளைக் கோடுன்னா புரூக் ட்ரவுட். விலாவுல வெளிறின வளையத்துக்குள்ள சிவப்புப் புள்ளின்னா பிரவுன். இளஞ்சிவப்புப் பட்டையும் வால் முழுக்கக் கரும்புள்ளியும்னா ரெயின்போ. துடுப்பு ஓரங்கள் தேய்ஞ்சு மழுங்கியிருந்தா பண்ணையில வளர்ந்து வந்த மீனா இருக்கலாம். காட்டு மீனோட துடுப்பு கத்தி மாதிரி கூர்மையா இருக்கும்.

அருவிக்குக் கீழே பிடிச்ச மீனை உயிரோட கொண்டுபோய் மேலே விடுறதை மட்டும் யாரும் எந்தக் காலத்துலயும் செய்யாதீங்க. மேலே இருக்கிற இனத்துக்கு அந்த அருவி ஒண்ணுதான் காவல்.

இலையுதிர் காலத்துல பிரவுனும் புரூக்கும், வசந்தத்துல ரெயின்போவும் முட்டையிடும். மடு முடியுற இடத்துல, சுத்தமான சரளைக்கல் மேல வெளிறின நீள்வட்டமா ஒரு குழி தெரிஞ்சா அது முட்டைப் படுகை. பெண் மீன் வாலால அடிச்சு அடிச்சுத் தோண்டினது. அதுல கால் வைக்கக் கூடாது. பெற்ற மீன் போன பிறகும் முட்டை உள்ளேதான் இருக்கும். குளிர்ந்த தண்ணியில பொரியவே ரெண்டரை, மூணு மாசம் ஆகலாம். அப்புறமும் குஞ்சுங்க சில வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும்.

மத்தபடி, முள் நசுக்கின கொக்கி, ஈரக் கை, மீனைத் தண்ணிக்குள்ளேயே வச்சுக் கொக்கியைக் கழட்டுறது. காய்ஞ்ச கையால பிடிச்சா தோல் மேல இருக்கிற வழவழப்பு உரிஞ்சு பூஞ்சை தொத்தும். படம் எடுக்கணும்னா தூக்கின பத்து விநாடிக்குள்ள திருப்பி விடணும். வெப்பமானி 20ஐத் தொட்டா கோலை மடிச்சுக் கட்டிடணும், புரூக் ட்ரவுட் ஓடைன்னா 18லேயே. இதையெல்லாம் கடைப்பிடிக்கிறவர் சாண் நீள மீனுக்குத் தூண்டில் போடுறதுல தப்பில்லைன்னு நான் நினைக்கிறேன். இல்லைன்னா வேண்டாம்.

மலைவழி:
பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே முகட்டில் மழை பெய்தால் வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், ஓசை மாறினால், உடனே கரையேறி உயரத்துக்குப் போங்கள். பொருளை எடுக்கத் திரும்ப வேண்டாம். குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போகும் இடமும் திரும்பும் நேரமும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மேலே கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. விசிலும் காய்ந்த மாற்றுடையும் பையில் இருக்கட்டும்.

கூழாங்கல்:
போய்ட்டு வந்துட்டேன்! மலைவழி அண்ணன் சொன்ன மாதிரி செங்குத்துக்கு மேலே கோடுகள் விலகுற இடத்தைக் குறிச்சு வச்சு ஏறினேன். பிற்பகல்ல தண்ணி 14 டிகிரி. கல்லைப் புரட்டினா ஸ்டோன்ஃப்ளை ஓடுது. முழங்காலிட்டுப் போய் எல்க் ஹேர் கேடிஸை நுரைக்கோட்டுல வச்சதும், பழுப்புத் தண்ணிக்குள்ள இருந்து மஞ்சளா ஒண்ணு மின்னி மேலே வந்தது. விலாவுல சிவப்புப் புள்ளி, கத்தி மாதிரி துடுப்பு. கைக்குள்ள அடங்குற பிரவுன் ட்ரவுட். தண்ணியை விட்டுத் தூக்கவே இல்லை, படமும் எடுக்கலை. ஓடையோட பெயரை நானும் சொல்லப் போறதில்லை, துறைக்கு எழுதறேன்.

ஒரு கேள்வி. பல மடுக்கள்ல ஒரே மாதிரி நடந்தது. மடுவோட தலைப்பகுதியில, அருவி விழுற இடத்துல பெரிய மீன் நிக்கும்னு அங்கே குறி வச்சேன். நான் வீசுறதுக்கு முன்னாடியே, மடு முடியுற ஆழமில்லாத வால்பகுதியில இருந்து ஒரு சின்ன மீன் அம்பு மாதிரி மேலே பாயுது. அதுக்கப்புறம் அந்த மடுவே அடங்கிப் போகுது. இதை எப்படிச் சமாளிக்கிறது?

நீர்க்காகம்:
வாழ்த்துகள்! அந்த வால்பகுதி மீன் காவல்காரன் மாதிரி. அது பயந்து மேலே ஓடினால் மற்றவை எல்லாம் ஒளிந்துகொள்ளும். எனவே மடுவைக் கீழிருந்து மேலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழ் மடுவிலேயே, இடையிலிருக்கும் பாறை உங்களை மறைக்கும்படி நின்று, பாறைக்கு மேல் கோலை மட்டும் நீட்டி வால்பகுதியில் முதல் வீச்சைப் போடுங்கள். அங்கே தண்ணீர் பாறையிடுக்கை நோக்கி வேகமெடுப்பதால் லைனை உடனே இழுக்கும். கோலை உயர்த்தியே வைத்திருங்கள். மீன் கொத்தினால் மேலே ஓட விடாமல் கோலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்துக் கீழ் மடுவுக்கு இறக்கி, அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு நடுப்பகுதி, கடைசியாக அருவியடி.

மீன் ஓடிவிட்டால் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் காத்திருங்கள். நிழலான மடுவில் மீன் மறுபடி வெளியே வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தெளிந்த, ஆழமில்லாத மடு என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது.

தும்பி:
கூழாங்கல், அடுத்த பள்ளத்தாக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. காலணி, வலை, எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவி, முழுக்கக் காய்ஞ்ச பிறகும் ரெண்டு நாள் வெயில்ல போட்டு வைங்க. ஓடை அடியைப் போர்வை மாதிரி மூடிடுற டிடிமோ பாசியோட ஒரு துளி ஈரம் போதும், ஓடை விட்டு ஓடை பரவ. நியூசிலாந்துல அந்தப் பாசி 2004ல தெரிய வந்து, 2008ல கம்பளி அடிப்பாகம் வச்ச காலணிகளையே மீன்பிடியில தடை பண்ணினாங்க, ஏன்னா அது சீக்கிரம் காயாது. ட்ரவுட் குஞ்சோட குருத்தெலும்பைத் தின்னு அதைச் சுத்திச் சுத்தியே நீந்த வைக்கிற ஒட்டுண்ணியும் காலணியில ஒட்டுற சேத்துல பயணம் பண்ணும். உங்க காலணி அடிப்பாகம் ரப்பரா, கம்பளியா?

கூழாங்கல்:
ரப்பர்தான் அக்கா. இன்னைக்கே கழுவிக் காயப் போட்டுடறேன். வரைபடத்துல அடுத்த ஓடை சுண்ணாம்புப் பாறைப் பகுதியில இருக்கு. வறண்ட மாசத்துப் படத்துலயும் கரையோரம் பச்சைப் பட்டை தெரியுது. வெப்பமானியோட முதல் அளவை எடுத்துட்டு வந்து இங்கேயே எழுதறேன்.